பிரதேசம்

நாலாம் எபிசோட், இருபத்தோராம் நிமிடம்.
ஐஸ் பெட்டிக்கு மேலே குந்தியிருக்கிறாள் ஒருத்தி.
படகு வரவில்லை.
நாற்பத்தாறு விநாடிக்கு ஒரு பாட்டு வேணும் என்றான் நிரோஜன்,
சொல்லச் சொல்லவே தட்டினான்:
பெண், நாற்பது வயது, கொஞ்சம் கம்மல் குரல்,
திருகோணமலைக் கரை, அழக்கூடாது.

தேத்தண்ணி ஆறமுதல் பாட்டு வந்துவிட்டது.

நல்லாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் மழை என்று அவள், அது, பாடினபோது
நாக்கு வடிவாக மடிந்தது.
டச்சுக்குடாவில் மளைதான் பெய்யும்.
சொன்னேன். திருத்தினான்.
அடுத்ததில் மளை பெய்தது,
கம்மலும் கூடியிருந்தது.
அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது:
இது ஆரின்ர தொண்டை?

பாட்டுப் போடுவதில்லை என் வேலை,
பாட்டுக்குரியவரைத் தேடுவது.
எழுதியவர், இசைத்தவர், பாடியவர், பங்கு:
நாலு கட்டத்திலும் ஒரு கோடு இழுத்துவிட்டால்
நேரத்தோடு படுக்கலாம்.

மெர்சியாவை ஐஸ் பக்டரி வாசலில் பிடித்தேன்,
கையுறை கழற்றாமல் வந்தாள்.
முந்திக் கலியாண வீடுகளில் மைக் பிடித்தவள்.
ஒருதரம் கேட்டாள்.
"ஆரப்பா இது? மூச்சே எடுக்கிறாளில்லை."

மோட்டர் நின்ற இடைவெளியில் பாடித் தந்தாள்.
நாற்பத்தொன்பது விநாடி.
மூன்று கூட. அவளுடைய மூச்சு.

காசு சொன்னேன், இரட்டிப்பாக்கு என்றாள், ஆக்கினேன்.
பிறகு ஃபோன் வெளிச்சத்தில் ஒப்பந்தத்தைச் சத்தமாக வாசித்தாள்,
பைபிள் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி:
உலகெங்கும், எக்காலத்துக்கும்,
இன்றுள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்படுவதுமான
எந்தக் கருவியிலும்.

"இன்னும் கண்டுபிடிக்காததுக்கு
நான் இப்பவே ஓம் சொல்லுறதோ?"
கேட்டுக்கொண்டே அந்த வரியை வெட்டினாள்.
நீலப் பேனை, மூன்று தரம்.

கொழும்பிலிருந்து வக்கீல் எடுத்தார்.
வெட்டின தாள் செல்லாதாம்.
"மற்றதைப் போடுங்கோவன்,
அதுக்கு ஒருத்தரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லைத்தானே."

தேவையில்லைத்தான்.

இரவு பன்னிரண்டுக்குத் தாளை ஸ்கேன் பண்ணும்போதுதான் கண்டேன்,
வெட்டுக்குக் கீழே இன்னொரு கட்டம்: பிரதேசம்.
பாட்டு எந்தெந்த நாட்டில் ஒலிக்கலாம் என்று கேட்கிற கட்டம்.
கச்சேரிப் படிவங்கள் நிரப்பின பழக்கமோ,
தெரிந்துதான் எழுதினாளோ,
உருண்டை எழுத்தில்
பட்டினமும் சூழலும் என்றிருந்தது.

நான் திருத்தவில்லை.
அப்படியே அனுப்பினேன்.