நம்பர் போட்ட பன்றி

விறகு விலைக்குத்தான் தந்தார்கள்
குளச்சலில் உடைத்த வள்ளத்தின் அயினிப் பலகையை.
ஆணி பிடுங்கவே ஒரு நாள் போயிற்று.
உப்பேறிய மரம்,
வாள் கடித்துக் கடித்து நின்றது.

யானை செய்யத்தான் உட்கார்ந்தேன்.
தும்பிக்கைக்கு வைத்திருந்த துண்டு
குறுக்கே பிளந்தது.
சரி, பன்றி.

ஒற்றைச் செருப்பை அறுத்து இரண்டு காது
(கடல் ஒருநாளும் ஜோடியாய்த் தந்ததில்லை).
வலை மிதவையில் மூக்கு.
வாலுக்குச் சுருண்டுபோன தூண்டில் நரம்பு.
கண்கள் சோடா மூடி:
ஒன்று ஆரஞ்சு, மற்றது துரு.
அதனால் அது எந்நேரமும்
யாரையோ சந்தேகப்படுகிறது.

விலாவில் வள்ளத்தின் நம்பர், நீலப் பெயின்ட்.
சுரண்டினேன். போகவில்லை.
கிடக்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கிறிசாந்து அண்ணன்
பன்றியை ஒரு சுற்று சுற்றினார்,
குனிந்தார்,
நம்பரை விரலால் வாசித்தார்.

"இதுக்க லோனு இன்னும் அடையல்லே, பிள்ளே."

நான் கையிலிருந்த உப்புத்தாளை
மடித்தேன், விரித்தேன்.
அவரே பன்றியைத் தூக்கிக்
கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.
படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து
ரோட்டைப் பார்க்க வைத்தார்.