நுரை

பெர்கனில் பத்தொன்பதாவது நாளாக மழை.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
திரையில்
எண்பத்திரண்டு விலங்குகள்
ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன,
உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் எழுத்தாக:
மண்புழு, காட் மீன், பனிமான், வௌவால்,
கடைசியில் மனிதர்,
பெயர் தெரியாத யாரோ, எனக்குப் பதிலாக.

கேட்டலேஸ் என்பது அந்த நொதியின் பெயர்.
மூச்சின் அடுப்பில் கசியும் நஞ்சை
நீராகவும் காற்றாகவும் பிரித்துவிடும்.
விலங்கு என்று ஒன்று தோன்றிய நாள் முதல்
விடுப்பே எடுத்ததில்லை.

ஓரங்கள் தளர்ந்திருக்கும்.
பனிமான் ஓர் எழுத்தைத் தொலைத்திருக்கும்,
மண்புழு இரண்டைச் செருகியிருக்கும்,
நிரல் சின்னச் சின்னக் கோடு போட்டு
இல்லாததை ஒப்புக்கொள்ளும்.
பிறகு வரும் அந்தப் பத்தி.
ஹிஸ்டிடின். ஹிஸ்டிடின். ஹிஸ்டிடின்.
மேலிருந்து கீழே, நூல் பிடித்தாற்போல்.
அங்கே பிழையாக எழுதியவர் எவரும்
வரிசைக்கு வந்து சேரவில்லை.

மரத்தைக் கணக்கிட இரவெல்லாம் விட்டுப் போனேன்.
ஆயிரம் முறை குலுக்கி ஆயிரம் முறை அடுக்கி
காலையில் கையில் கொடுத்தது:
ஃபியோர்டின் அடியிலிருந்து வந்த கடற்பஞ்சு
வேரருகே உட்காரவில்லை.
மனிதக் கிளையில்,
என் மூச்சுப் படும் தூரத்தில்,
நூற்றுக்கு நூறு நம்பிக்கையோடு.

அரைமணி நேரம் நான் பெரிய ஆள்.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.
அப்புறம்தான் உறைத்தது:
ஐந்நூற்றுச் சொச்ச எழுத்தில்
ஒன்றுகூட மாறவில்லை.
சிம்பன்சிக்கே அவ்வளவு உரிமை கிடையாது.

படகுத்துறைக்கு இறங்கினேன்.
ஒட்கெய்ர் கூடைகளை அலசிக்கொண்டிருந்தார்.
"செப்டம்பரில் அந்தப் பஞ்சை வெட்டியது யார்?"
கையுறையை உருவிச் சுட்டுவிரலை நீட்டினார்.
"கண்ணாடி ஊசி மாதிரி முள்ளு, டூரிட்,
உறையோட உள்ளே இறங்கிடுச்சு.
பெராக்சைடு ஊத்தினேன்,
புஸ்ஸுன்னு வெள்ளையாப் பொங்கிச்சு.
துடைச்சிட்டு மிச்சத்தையும் வெட்டி முடிச்சேன்."

திட்டத்தான் வந்திருந்தேன்.
ஆனால் பொங்கியது எது?
ஆறு மாதமாக எழுத்தெழுத்தாக நான் துழாவுவது
அவர் விரல் நுனியில்
சத்தம் போட்டு வேலை பார்த்திருக்கிறது.

மேலே போய் அந்த வரியை அழித்தேன்.
எண்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
'கலப்படம்: மனிதர்' என்று தட்டி
சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வேறு துண்டோடு வந்தார்,
இரண்டு கையிலும் இரட்டை உறை.
எனக்குத் தேவையானதை வெட்டி எடுத்தபின்
மிச்சத்தைத் தொட்டியில் போட்டு,
பாட்டிலைச் சாய்த்தார், குறும்புக்கு.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓரத்தில் ஒரு குமிழி,
அதன் தோளில் இன்னொன்று,
மெல்ல மெல்ல வெள்ளை.

"பார், இதுக்கும் வலிக்குது."
"வலி இல்லை, ஒட்கெய்ர்."
"வேற என்னவாம்?"

சொல்லத் தொடங்கினேன்.
இருவர் காபியும் ஆறிப்போனது.