தன் எடையைப் புறக்கணிக்க

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
ஒரு கணக்குப் போடலாம்.
டேங்கர் ரயில் என்றால் ஒன்று,
பின்னாலேயே கன்டெய்னர் வந்தால் இரண்டு.
ஷேர் ஆட்டோவில் மடிமேல் நோட்டு,
முழங்கையில் யாருடையதோ மீன்கூடை ஈரம்.
மூன்றாம் தடவை எழுதப்போகிறேன் இந்தப் பேப்பரை.

ஒருமுனை சுவரில் பதிந்த உத்திரம்.
மறுமுனையில் இவ்வளவு பாரம்.
உத்திரத்தின் தன் எடையைப் புறக்கணிக்க.

பாதிக் கணக்குகளுக்கு இதுதான் கடைசி வரி.
மாணவர்மேல் காட்டும் கருணை.
கேட்டின் கை மட்டும்
வால்பக்கம் ஒரு இரும்புக்கட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.
அதற்குத் தன் எடை தெரியும்.

வளையும் உத்திரத்தில்
ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் நசுங்கும்,
நடுவே ஒரு இழைக்கு இரண்டும் இல்லை.
அந்த இழையில் வீடு கிடைத்தவர்கள்தான்
அண்ணா நகரில் இருக்கிறார்கள் என்பான் ரொசாரியோ.
அவனுக்கும் இதே அரியர்.

எங்கள் பிளாக்கில் நாங்கள் மூன்றாம் மாடி.
வெளியே நீட்டிய நடை, மூன்றேகால் அடி.
தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்,
ஆகவே நீல டிரம், இருநூறு லிட்டர்.
தில்ஷாத் அக்காவுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்று.
மூன்றும் கைப்பிடிக் கம்பியோரம்.
கீழிருந்து கயிற்றில் குடம் இழுத்து ஊற்ற
அதுதான் வசதி.

நீட்டிய தளத்தில் இழுபடுவது மேல்பக்கம்.
கம்பி மேலே கிடக்க வேண்டும்.
காங்கிரீட் போடும் அவசரத்தில்
யாராவது மிதித்தால் கீழே போய்விடும்.
கீழே போன கம்பி
இருந்தும் இல்லாதது.

சனிக்கிழமை நடையைக் கழுவும்போது
தண்ணீர் ஓரத்துக்கு ஓடவில்லை.
சுவரின் காலடியில்
ஒரு நேர்கோடு அதைக் குடித்தது.
நோட்டில் எந்த இடத்தில் விடையைச் சுற்றிக்
கட்டம் போட்டிருந்தேனோ, அதே இடம்.
முதல் தடவையாக
ஒரு விடை எனக்குச் சரியாக வந்திருந்தது.
வாய் உலர்ந்துவிட்டது.

"டிரம்ம நவுத்தணும்க்கா."
"இன்னாத்துக்கு? தண்ணிய கொட்டச் சொல்றியா?"
"கொட்ட வாணாம். செவுத்தோரம் வச்சா போதும்."
"எங்க வச்சாலும் வெயிட்டு அதே வெயிட்டு தானே?"

இந்தக் கேள்வியில்தான்
நான் இரண்டு முறை விழுந்தேன்.

பாதி வாளித் தண்ணீரைக் கொடுத்து
கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன்.
பத்து எண்ணுவதற்குள் தோள் நடுங்கியது.
அப்புறம் இடுப்போரம்.
"அட" என்றாள்.
எங்கள் பரீட்சையில் அதற்கு எட்டு மார்க்.

இரண்டு பேருமாக இழுத்தோம்.
விளிம்பிலிருந்து சுவருக்கு:
திருப்புமை மூன்றில் ஒன்றாகிவிட்டது.
தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.
குடம் இழுக்கத்தான் இப்போது கூடுதல் நடை,
அக்கா அதைத் தினமும் எனக்குக் கேட்கும்படி சொல்கிறாள்.

போர்டு ஆபீஸில் மனு வாங்கிக்கொண்டார்கள்.
ரசீது கேட்டேன்.
"எத்தினி வருஷமா நிக்குது" என்றார் கிளார்க்,
நிற்பதே ரசீது என்பதுபோல.

உடைந்த கண்ணாடித் துண்டொன்றை
விரிசலின் குறுக்கே, டிரம்களின் இடைவெளியில்,
சிமென்ட் வைத்து ஒட்டினேன்.
பக்கத்தில் பென்சிலில் தேதி.
தளம் அசைந்தால் முதலில் அது உடையும்.

பரீட்சையில் ஏழாம் கேள்வி.
தன் எடையைப் புறக்கணிக்க.
பாஸாக வேண்டும்,
புறக்கணித்தேன்.
ஓரத்தில் பென்சிலால் மட்டும்
எங்கள் நடையின் சொந்த எடையைப் போட்டுப் பார்த்து
அழித்துவிட்டேன்.
மூன்று டிரம்மைவிட அது அதிகம்.

வீடு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன்
குனிந்து பார்க்கிறேன்.
கண்ணாடி முழுசாகத்தான் இருக்கிறது.
அதில் என் நெற்றி,
நெற்றிக்குப் பின்னால்
நாலாம் மாடி நடையின் அடிப்பக்கம்.
அதன்மேல் டிரம்கள் எங்கே நிற்கின்றன என்று
இன்னும் ஏறிப்போய்க் கேட்கவில்லை.