குஞ்சப்பனையில் இரண்டு பேர்

மூன்று தீபாவளிக்கு வரவில்லை.
அதைச் சொல்ல அம்மாவுக்குச் சிரமமே இருந்ததில்லை.
வரவில்லை, பேசவில்லை, பணம் அனுப்பத் தவறவில்லை.
இல்லை என்கிறபோது
தமிழ் யாருடைய உடுப்பையும் பார்ப்பதில்லை.

இன்று வருகிற நாள்.
மேட்டுப்பாளையத்தில் ரயிலிறங்கி
என் வண்டியின் பின்சீட்டில் ஏறியதுமே
சிக்கல் தொடங்கிவிட்டது.

ரேஷன் கார்டில் இன்பராணி.
ராணியைப் பெங்களூரில் இறக்கிவிட்டு
இன்பம் மட்டும் டேன்டீ லைனுக்குத் திரும்புகிறது.
ஆபீஸில் ‘ஸீ’ என்கிறார்களாம்,
ஹீயும் இல்லாமல் ஷீயும் இல்லாமல்.
“இங்கிலீஷ்ல ஒரு சொல்ல மாத்தினாப் போதும்ணா.
வினைக்கு வால் கிடையாது.”
நமக்கு உண்டு.
நட, உண், உறங்கு, எதுவானாலும்
கடைசியில் ஓர் ஆன், இல்லையென்றால் ஓர் ஆள்
லோடு லாரியின் க்ளீனர் மாதிரி தொற்றிக்கொண்டு வரும்.

அவர் என்று சொல்லட்டுமா?
“அது தாசில்தாருக்கு.”
அவங்க?
“நான் ஒத்த ஆளுதாண்ணா.”
அது?
கேட்டிருக்கக் கூடாது.
தொட்டிலில் கிடந்தபோது அம்மா கொஞ்சியது ‘அது’.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள்
பன் தின்றபடி சிரித்துச் சொன்னதும்
அதே ‘அது’.
மூன்று வளைவுக்குப் பேச்சில்லை.

நாலாவதில் இன்பமே சொன்ன சொல்:
அவிர்.
அவிர் வந்திர். அவிர் சாப்பிட்டிர்.
ஒளிர்வது என்று அகராதியில் இருக்கிறதாம்.
எனக்குத் தும்மல் வருகிற மாதிரி இருந்தது,
சொல்லிவிட்டேன்.
“பழகிடும். ஈ-பாஸ் பழகலையா?”

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில்
பிளாஸ்டிக் பாட்டில் தேடிய காவலர்
டார்ச்சை உள்ளே அடித்தார்.
கொஞ்சம் அதிக நேரம் அடித்தார்.
“ஜென்ட்ஸ் எத்தனை, லேடீஸ் எத்தனை?”
“ரெண்டு பேர்.”
பேனா நின்றது. பின்னால் ஒரு கேரட் லாரி ஹாரன் அடித்தது.
2 என்று எழுதிக் கையை ஆட்டினார்.

அதற்கு மேல் பனி. வைப்பரின் சத்தம்.
பின்சீட்டில் கண்ணாடியோரம் சாய்ந்த தலை.
போனில் அம்மா: “முழிச்சிருக்காளா?”
மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரை இறக்கினேன்.
“அவிர்... தூங்கு... கிறிர்.”
“அவரா? எவருடா?
கூட யாரையாச்சும் கூட்டிட்டு வந்துட்டாளா?
உலையில இன்னொரு ஆழாக்கு போடவா?”
“ஒரு தட்டு போதும்மா.”

பின்னாலிருந்து சிரிப்பு.
தூங்கவில்லை.