மாதிரி எண் மூன்று

கடைசி நேரத்தில் ஒரு குளிர்தேசம்
வேண்டாமென்று கைவிரித்த
இருநூற்று நாற்பது நெருப்புக்குழிகள்
பிறை தொழிற்சாலையின் பின்கட்டில்
கல்யாண வாணலிகள் போலக் கவிழ்ந்து கிடக்கின்றன.
தோட்டத்தில் வைத்து விறகிட்டுச்
சுற்றி அமர்ந்து குளிர்காய்வதற்கானவை.
"இங்கேயே விற்றுப் பார்ப்போம்" என்றார் முதலாளி தியோ.
"எதை மாற்றினால் வாங்குவார்கள், கேட்டு வா."

தஞ்சோங் பூங்கா. காலை பத்து மணி.
முப்பத்து மூன்று பாகை.
முதல் கேள்வியைக் கேட்கும்போதே
முதுகுத்தண்டில் வியர்வை இறங்குகிறது:
வீட்டுக்கு வெளியே கடைசியாக எப்போது தீ மூட்டினீர்கள்?

திருமதி ஊய் யோசிக்கவே இல்லை.
ஏழாம் மாதம், பசித்த ஆவிகளுக்கு.
பின்பக்கம் கூட்டிப்போய்
ஓட்டை போட்ட எண்ணெய் டின்னைக் காட்டினார்.
காகிதச் சட்டை, காகிதக் கார், கட்டுக்கட்டாய்க் காகிதப் பணம்,
எதுவும் விளிம்பைத் தாண்டிப் பறக்கக் கூடாது.
பாதி எரிந்தால் பாதிதான் போய்ச் சேரும்.
உன்னுடையது ஆழம் போதாது, என்றார்.
குறித்துக்கொண்டேன்: ஆழம்.

புவான் ரொஹானிக்குப் புகை வேண்டும், தீ வேண்டாம்.
கொசு ஓட வேண்டும்,
அடுத்த வீட்டுக் கொடியில் துணி நாறக் கூடாது.
அப்படி ஒரு குழி இருக்கிறதா?
"மற்றவை" என்ற கட்டத்தில் போட்டேன்.

ஃபெரியின் இயந்திர அறையில்
இருபத்தாறு வருடம் வெந்தவர் சிங்காரவேலு.
"காசு கொடுத்துச் சூடு வாங்கச் சொல்றியாம்மா?"
சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு,
ஐஸ் கொட்டி பீர் வைக்கலாமா என்று கேட்டார்.
அன்றே இன்னும் மூன்று பேர் அதையே கேட்டார்கள்.
நாற்பத்தொருவரில் நால்வர் என்றால்
அது பகடி இல்லை, புள்ளிவிவரம்.

கேள்வி ஒன்பது: சுற்றி எத்தனை பேர் அமர்வீர்கள்?
பலரும் உள்ளே திரும்பி
நாற்காலிகளை எண்ணிவிட்டு ஆறு என்றார்கள்.
செண்பகவல்லி மட்டும்
கேட்டை முழுக்கத் திறக்காமலே, குரலைத் தாழ்த்தி,
"ஒருத்தர். எரிக்க ஒரு பெட்டி இருக்கு."
அளவு கேட்டேன். வேலை அதுதானே.
செருப்புப் பெட்டி அளவு, என்றாள்.

கொண்டோ வாசலில் காவல் கூண்டு.
தில் பிரசாத், நேபாளம்.
தோட்டம் இல்லை, எங்கள் வருமானப் பிரிவுகளில்
கடைசிக்கும் கீழே,
கணக்கில் வரமாட்டார்.
வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தவர்
என் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார்.
பேனாவை வைத்தார்.
இரண்டு உள்ளங்கைகளையும் அதன் முன்னே நீட்டினார்.
நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.
பிறகு என்னைப் பார்த்து வெட்கப்பட்டு
கார் எண் கேட்டார்.

பத்தொன்பதாம் மாடித் தம்பதிக்கு
வெளிச்சம் மட்டும் போதுமாம். பேட்டரியில்.

மாதிரி எண் மூன்றை முதலாளி எனக்கே தந்திருந்தார்,
மூட்டிப் பார்த்துச் சொல் என்று.
ஆயர் ஈத்தாமில் நாலு மணி ஆனால் மழை.
விறகு வாங்கினேன், நனைந்தது.
மறுபடி வாங்கினேன்.
பிறகு அந்தப் பக்கமே போகவில்லை,
ஊரார் தோட்டங்களில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் சுகாதார அதிகாரி வந்தார்.
நீளக் கரண்டியால் மொண்டு
வெயிலில் பிடித்துக் காட்டினார்:
நெளிந்து நெளிந்து, ஏடிஸ்.
இது என்ன, என்றார்.
தீ மூட்டுகிற இடம்.
கடைசியாக எப்போது மூட்டினீர்கள்?

அவர் படிவத்திலும் கட்டங்கள் இருந்தன.
"நீர் தேங்கும் பாத்திரம்" என்பதில் குறியிட்டு
அபராதச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.

அறிக்கை நாளை போக வேண்டும்.
முதல் பரிந்துரை மட்டும் எழுதியிருக்கிறேன்:
அடியில் ஒரு துளை,
அரை அங்குலம்.