பி பக்கம், கடைசிக்கு முதல்

மல்லாவியில் அப்போது பற்றறிக்குத் தடை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
மிதியைக் கையால் சுற்றினால்
டைனமோ முனகும்,
ரேப் ரெக்கோடருக்கு உயிர் வரும்.

கப்பலில் வேலை செய்த மச்சானின் பெட்டிக்குள்ளிருந்து
டெஸ்மன் கொண்டுவந்த கசற் அது.
வெள்ளைக்காரரின் றொக்.
மட்டை இல்லை, பேர் இல்லை.
நீலப் பேனையால் யாரோ
ஏ என்றும் பி என்றும் எழுதியிருந்தார்கள்.

ஏ பக்கத்து முதல் பாட்டு
உலகத்துக்கே தெரிந்ததாம், டெஸ்மன் சொன்னான்.
அதற்குத்தான் பதினைந்து பேர் கூடுவார்கள்.
சத்தியகீர்த்தி சேட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றுவான்.
வவுனிக்குளத்து வான்கதவு திறந்ததுபோல
கிற்றார் பாயும்.
திரும்ப.
பென்சிலை ஓட்டைக்குள் விட்டுப் பின்னுக்குச் சுற்றி
இன்னொருக்கால்.
அந்த இடத்தில் நாடா தேய்ந்து தேய்ந்து
பாடகனுக்கே தடிமன் பிடித்துவிட்டது.

பி பக்கம் போட்டால் ஆட்கள் கரைவார்கள்.
ஒருவருக்குத் தண்ணி அள்ள வேண்டும்,
ஒருவருக்கு நிவாரண வரிசை,
டெஸ்மனுக்குப் பின்னேரக் குளிர்காய்ச்சல்.
"கடைசிக்கு முதல் பாட்டு குப்பை,
கை நோகிறதுதான் மிச்சம்" என்று
போர்வைக்குள் இருந்து சொல்லுவான்.
அது வரும்போது மிஞ்சுவது
நானும் குலமதியும்.

அவள்தான் சுற்றுவாள்.
பகல் முழுக்க மண்வெட்டி பிடித்த கை.
பாட்டு ஆழக் கிணற்றுக்குள் இறங்கும்.
ஒரு ஆண்குரல், பாரமாய்,
ஒவ்வொரு சொல்லையும்
ஈரச் சாக்கைப்போல இழுத்துக்கொண்டு வரும்.
எங்களுக்கு ஆங்கிலம் போதாது.
யாரோ செத்துவிட்டார்கள் என்று முடிவெடுத்தோம்.
தாய் என்றேன் நான்.
இல்லை, தம்பி என்றாள்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நடுவில் ஓரிடத்தில் பாட்டு நின்றே போகும்,
பிறகு தயங்கித் தயங்கித் தொடங்கும்.
இப்படி ஒரு மௌனத்தைப் பாட்டுக்குள் வைக்க
எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று
அந்த முகம் தெரியாத மனிசனை
நான் வருசக்கணக்காய் மதித்து வந்தேன்.

இப்போது கிளிநொச்சியில், போன் கடைக்கு மேலே என் அறை.
போன மாசம் ஒரு மழைநாள்.
அந்த இசைத்தட்டுக்கு ஐம்பது வயதாம்.
யூரியூப்பில் ஒருவன் புகழ்ந்து தள்ளினான்,
ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கிரீடம்.
கடைசிக்கு முதலுக்கு மட்டும்
"இடம் நிரப்பப் போட்டது, தாண்டிப் போகலாம்."

தாண்டவில்லை.

ஓடுகிறது அது!
குதிக்கிறது. பின்னால் கை தட்டுகிறார்கள்.
மீசை முளைக்காத குரல் ஒன்று
ஒரு காரைப் பற்றி, ஒரு சனிக்கிழமையைப் பற்றிச்
சிரித்துச் சிரித்துப் பாடுகிறது.
யாரும் சாகவில்லை.
நடுவில் மௌனமும் இல்லை.
அது குலமதி வலக்கையிலிருந்து
இடக்கைக்கு மாறிய இடம்.

போனில் வேகம் குறைக்க ஒரு வழி இருக்கிறது.
முக்காலுக்கு வைத்தேன், கிட்ட வந்தது.
அரைக்கு வைத்தேன், கூடிப்போயிற்று.
இடையில் எங்கோ இருக்கிறது அந்தக் கை.
அதற்கு இலக்கம் வைக்கவில்லை இவர்கள்.

சூரிச்சில் இருக்கிற அவளுக்கு அனுப்பினேன்,
குறைக்காமல், உள்ளபடியே.
வேலை முடிந்து இரவு பதில் போட்டாள்:

"இது அந்தப் பாட்டு இல்லை.
பிழையானதை அனுப்பியிருக்கிறாய்.
எங்கடயைத் தேடு."