கேட்பார் இல்லை

மூன்றரைக்கு முதல் போன், எடக்காட்டிலிருந்து.
'உள்ளேயே விடமாட்டேங்குது மேடம்.'
பிறகு தாய்சோலை. அதே வாக்கியம்,
நடுவில் ஒரு கெட்ட வார்த்தை கூடுதலாக.
மூட்டைகள் தராசுக்கு வந்துவிட்டன.
மஞ்சூர்ப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால்
இலை நிமிடத்துக்கு நிமிடம் எடை கூடும்,
தண்ணீர்க் கழிவு எவ்வளவு என்று
வரிசையில் சண்டை ஆரம்பிக்கும்.

சர்வர் அறை ஃபேக்டரியின் பின்பக்கம்,
முன்பு சாக்கு அடுக்கிய இடம்.
சுவருக்கு அப்பால் இலை வாட்டும் விசிறிகள்
ஓயாமல் இரைகின்றன.
கறுப்புத் திரையில் தட்டுகிறேன்:
எல், எஸ், என், ஆர், சி, டி, எல்.
உயிரெழுத்து ஒன்றுகூட இல்லாத சொல்.
ஓர் இடைவெளி. ஸ்டேட்டஸ்.

பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்று
என்றது திரை.
கேட்பார் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

'டேட்டாபேஸ் செத்துப்போச்சா?'
மேனேஜர் பெள்ளிராஜ் வாசலிலேயே நிற்கிறார்,
துக்கம் கேட்க வந்தவர் மாதிரி.
சாகவில்லை சார். முழு நினைவோடு இருக்கிறது.
இருபது வருஷத்து இலையும் முன்பணமும் பிடித்தமும்
கிலோ சுத்தமாக ஞாபகம் இருக்கிறது.
வாசலில் நின்று
'யாரு, யாரைப் பார்க்கணும்?' என்கிற ஆள்
விழுந்துவிட்டான், அவ்வளவுதான்.
தமிழில் கேட்பது என்றால் இரண்டு வேலை.
இவன் இரண்டையும் பார்த்தான், ஒரே சம்பளத்துக்கு.

காலையிலேயே உள்ளே போனவர்களுக்கு எதுவும் தெரியாது.
பக்கத்து அறையில் ஆல்துரை
விறகு லோடு கணக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறான்.
'எனக்கு நல்லாத்தானே ஓடுது' என்கிறான்.
உள்ளே இருப்பவனுக்கு எப்போதும் நல்லாத்தான் ஓடும்.
வெளியே மட்டும் வந்துடாதே என்றேன்.

ஸ்டார்ட்.
எழுந்தான். எழுந்ததும் சொன்ன முதல் வாக்கியம்:
என்னிடம் எந்தச் சேவையும் இல்லை.
அது சரிதான். கதவு திறந்தால் மட்டும் போதாது,
உள்ளே இருப்பது தானே வந்து
தன் பெயரை இவனிடம் சொல்ல வேண்டும்.
அறுபது விநாடி வரை ஆகலாம்.
அவசரப்படுத்த ஒரு கட்டளை உண்டு.
அதை இரண்டு முறை தப்பாக அடித்தேன்,
அதற்குள் நிமிடம் தீர்ந்துவிட்டது.

எடக்காடு உள்ளே வந்தது. தாய்சோலை. முள்ளிகூர்.

மறுபடி விழும் முன்
ஏன் விழுந்தான் என்று அவன் டைரியைத் திறந்தேன்.
திறப்பதற்குள் டீ ஆறிப்போனது.
நான்கு ஜி.பி. அதற்கு மேல் எழுத இவனால் ஆகாது,
பழைய ரகம்.
யார் வந்தது, எங்கிருந்து, எத்தனை மணிக்கு,
விட்டேனா, விடவில்லையா,
எல்லாம் எழுதியிருக்கிறான்.
கிட்டத்தட்ட பாதி ஒரே வரி.
கிண்ணக்கொரை. கிண்ணக்கொரை. கிண்ணக்கொரை.
பத்து விநாடிக்கு ஒருமுறை, மூன்று வருடமாக,
குந்தா-ஒன்று என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு.
அந்தப் பெயரை நாங்கள் மாற்றி மூன்று வருடம்.
அந்த மாதமே கிண்ணக்கொரை சென்டரையும் மூடினோம்.
புஷ்பலீலா கம்ப்யூட்டரை அணைக்காமல் பூட்டிவிட்டு
திருப்பூருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும்.
அது கரண்ட் போகும்போதெல்லாம் படுத்து
வரும்போதெல்லாம் எழுந்து தட்டியிருக்கிறது.
அப்படி யாரையும் எனக்குத் தெரியாது
என்று ஒவ்வொரு முறையும் இவன் பதில் சொல்லி,
சொன்னதையும் எழுதி,
எழுதி எழுதியே மூச்சு முட்டியிருக்கிறான்.

எழுதுவதை ஒரு நொடி நிறுத்தச் சொல்லி
பழைய டைரியை நகர்த்தினேன்.
அந்த முகவரியை மறிக்க ஒரு வரி போதும்,
கை அந்த வரிக்குப் போகவில்லை.
'அங்கே கரண்ட் பில் யாரு கட்டுறது?'
நாமதான் சார்.
திங்கட்கிழமை ஆள் அனுப்பலாம் என்றார்.
சாவி எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

புது டைரியின் முதல் வரி.
நான்கு மணி பதினேழு நிமிடம். கிண்ணக்கொரை.
அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.
இரண்டாவது வரி எடக்காடு. வரலாம்.
மூன்றாவதும் கிண்ணக்கொரை.